எண்ணெய் விட்ட பூட்டு

பூட்டு திறக்க மறுத்தால் அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பிழையான நம்பிக்கை. இதைத் திருத்தாமல் மேற்கொண்டு எதுவும் பேசுவதற்கில்லை. அதுவும் தேங்காய் எண்ணெய். தலைக்கு, வெடித்த உதட்டுக்கு, குழந்தையின் தொப்புளுக்கு, கீல் கத்துகிற கதவுக்கு, கடைசியில் பூட்டுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். விட்ட அன்று சாவி வழுக்கிக்கொண்டு சுற்றும். விட்டவர் முகத்தில் ஒரு வைத்தியக் களை வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த எண்ணெய் உள்ளே உட்கார்ந்து தூசியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறது, பிசினாகிறது, மார்கழி தை விடியற்காலைகளில் நெய் போல உறைகிறது. ஒரு கலைக்களஞ்சியத்தில் நான் துணைப் பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் ‘பூட்டு’ என்ற தலைப்பு என் பங்குக்கு வந்தது. எண்ணெய் பற்றிய எச்சரிக்கையை முதல் பத்தியிலேயே வைத்திருந்தேன். ஆனால் களஞ்சியத்தை நடத்திய அறக்கட்டளை ‘பு’ வரிசை முடிந்ததும் ஊக்கம் இழந்துவிட்டது. புழு அச்சேறியது, புற்று அச்சேறியது, அதோடு அறிவு நின்றது. அதன் விளைவு இதோ சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் கிடக்கிறது: என் அறைக் கதவிலிருந்து நானே திருகாணி கழற்றி உருவியெடுத்த பூட்டு. சாயங்காலம் வேலாயுதம் ஆசாரி வருகிறார். இந்தப் பூட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மரத்துண்டு அடைத்து, வெறும் கைப்பிடி ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். என் மகன் குமரகுருவின் ஏற்பாடு. கைப்பிடியை வாங்கிவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். பித்தளை நிறம், பித்தளை அல்ல. இனி என் அறையை உள்ளிருந்து பூட்ட முடியாது. அவனும் ஷோபனாவும் வேலைக்குக் கிளம்பி லிஃப்ட் கீழே போகிற சத்தம் கேட்கும் வரை நான் திருப்பள்ளியெழுச்சி கேட்டுக்கொண்டிருந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்புளியை எடுத்தேன்.

திருகாணிகள் முனகிக்கொண்டு வந்தன. பூட்டின் மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன் கை கொஞ்சம் நின்றது, அதை மறைத்து என்ன. ஒருவேளை உள்ளே ஒன்றுமே இல்லாமல் கடையில் வாங்கின நாள் மாதிரி பளபளவென்று இருந்துவிட்டால்? அப்படியென்றால் அன்றைக்கு மக்கர் செய்தது பூட்டு அல்ல, நான். பொங்கல் கழிந்த வாரம், இன்னும் இருட்டு. படுக்கும்போது வழக்கம்போலப் பூட்டியிருந்தேன். எழுந்து திருப்பினால் சாவி பாதியில் நிற்கிறது. திரும்பவும் திருப்பினேன். வெளியே எடுத்து மறுபடி விட்டேன். கதவைத் தட்டினேன், என் கதவை நானே உள்ளிருந்து. குமரகுரு வெளியே வந்து நின்றுகொண்டு, வலது பக்கம் திருப்புங்கம்மா என்றான். வலது பக்கம்தான் திருப்புகிறேன் என்றேன். இல்லம்மா, வலது பக்கம் என்றான். கதவுக்கு வெளியே நிற்பவன் திருப்பும் வலது, உள்ளே நிற்பவளுக்கு இடது. இதை ஒரு தேக்குப் பலகையின் ஊடாக, விடியற்காலையில், நைட்டியோடு நின்றுகொண்டு, ஒரு பொறியாளனுக்கு விளக்க முயன்றேன். விளக்கியதுதான் தவறு. மாட்டிக்கொண்டவள் ஐயோ அப்பா என்று கத்த வேண்டும். கடிகாரம் சுற்றும் திசையைப் பற்றிப் பேசினால் மூளை கலங்கிவிட்டது என்று பொருள். மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். அதற்குள் வெயில் ஏறி ஜன்னல் வழியாக என் கதவின் மேல் விழுந்திருந்தது. உளியை வைப்பதற்கு முன், அம்மா, ஒரு தடவை கதவை உங்க பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத் திருப்புங்க என்றார் ஆசாரி. திருப்பினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி சுற்றியது. கதவு திறந்தது. கூடம் நிறைய ஆட்கள், எல்லோரும் பல் துலக்காத வாயோடு என்னைப் பார்க்கிறார்கள். சாட்சிகள் கூடியதும் பூட்டு யோக்கியமாகிவிட்டது. மாடி வீட்டு அம்மாள் ஷோபனாவின் தோளைத் தொட்டு, பாவம், வயசாயிடுச்சுல்ல என்றாள். வயதாவது பூட்டுக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. சரியான பதில்கள் எனக்கு எப்போதும் சரியான கிழமை தவறித்தான் வந்து சேர்கின்றன, ஆனால் வந்துவிடுகின்றன.

அடுத்த வாரம் டாக்டர். நல்ல பையன், என் மாணவிகள் யாருக்காவது பிறந்திருக்கலாம் என்று தோன்றும் முகம், ஆனால் எனக்கு மாணவிகள் கிடையாது, நான் கற்பித்ததில்லை, திருத்தியதோடு சரி. மூன்று சொற்கள் சொல்கிறேன் அம்மா, ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன் என்றார். மாம்பழம், நாற்காலி, குடை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். கடிகார முகம் ஒன்று வரையச் சொன்னார். ரோமன் எண்ணா, நம் எண்ணா என்று கேட்டேன். ஏதோ ஒன்று என்றார். ரோமன் எண் என்றால் நாலு மணிக்கு நான்கு கோடு போடுவதுதான் கடிகாரக்காரர்களின் வழக்கம், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த மாதிரி போட மாட்டார்கள், எந்த மணிக்கூண்டையும் பாருங்கள் என்றேன். அவர் குமரகுருவைப் பார்த்தார். குமரகுரு தரையைப் பார்த்தான். கடைசியில் மூன்று சொற்களையும் கேட்டார், சொன்னேன். மாம்பழத்தை ஏன் எல்லா டாக்டர்களும் முதலில் வைக்கிறார்கள் என்றும் கேட்டேன். வெளியே வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று ஷோபனா போனில் கேட்க, வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்காம், ஆனா பேச்சு எங்கெங்கயோ போகுதாம் என்றான் என் மகன், நான் பக்கத்தில் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே. பேச்சு எங்கெங்கோ போகாமல் எங்கே போகும்? களஞ்சியம் முழுவதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ‘காண்க’ என்று போட்டு வேறு கட்டுரைக்கு அனுப்பிவைத்த கை இது. மாம்பழம், நாற்காலி, குடை. அன்றிலிருந்து தினமும் சொல்லிப் பார்க்கிறேன். யாரும் கேட்காத தேர்வுக்குப் படிக்கிற மாதிரி, பாத்திரம் கழுவும்போது, பூ தொடுக்கும்போது. மாம்பழம், நாற்காலி, குடை.

மூடியைக் கழற்றினேன். கடவுளுக்கு நன்றி, அசிங்கமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தோடு நான் அழுக்கைப் பார்த்ததே கிடையாது. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு களி, பழைய அல்வா போல, சாவி திரும்புகிற இடத்தைச் சுற்றி அப்பிக்கிடந்தது. சாவி தூக்கிவிட வேண்டிய தகடுகள், லீவர் என்பார்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கு இட்லித் தட்டு மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றைத் தூக்கினால் இன்னொன்றும் கூடவே வருகிறது. தனித்தனியாக ஏறி இறங்கினால்தான் பூட்டு. ஒட்டிக்கொண்டால் அது வெறும் இரும்பு. நாக்கின் மேல், கதவிலிருந்து நீண்டு நிலைக்குள் போய் உட்காருமே அந்தத் துண்டின் மேல், மஞ்சள் படிவம். நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். இது சிதம்பரநாதன். என் கணவர் மின்வாரியத்தில் இருந்தவர், ஆயுத பூஜையன்று வீட்டில் உழைக்கிற எதையும் விட மாட்டார். மிக்ஸி, ஏணி, மீட்டர் பெட்டி, கேஸ் சிலிண்டர், என் மூக்குக் கண்ணாடிக் கூடு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூட்டுக்கு மட்டும் தாராளமாக, கட்டை விரலால் சாவித் துவாரத்தின் மேலேயே ஒரு அழுத்து. ஓட்டையை அடைத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பேர் வைக்கிறீர்கள் என்பேன். வருஷம் பூரா உழைக்கிற சாமானுக்கு ஒரு நாளாவது மூச்சுவிடக் கொடு அரசி என்பார். மங்கையர்க்கரசி என்ற பெயரை முழுசாகச் சொல்ல அவருக்கு என்றைக்கும் பொறுமை இருந்ததில்லை. மறுநாள் சாவியைவிட்டுத் திருப்பும்போது அந்த மரியாதை முழுவதும் உள்ளே போய்விடும். அவர் போன பிறகு நானாவது விட்டிருக்கலாம், நம்பிக்கையில்லாதவள். ஆனால் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்துவிட்டு ஒரு பூட்டுக்கு மட்டும் வைக்காமல் எப்படி வருவது? இதற்கு மேல் எண்ணெய். சாவி கொஞ்சம் கனக்கிறது என்று போன மழைக்காலத்தில் சொன்னேன், குமரகுரு தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தான். அப்பனின் சந்தனமும் மகனின் எண்ணெயும் உள்ளே சந்தித்துக் குடும்பம் நடத்தியிருக்கின்றன. பலி நான். மண்ணெண்ணெய் படுவதற்கு முன்னால் அந்தக் களியில் கொஞ்சத்தை ஒரு பழைய டப்பா மூடியில் வழித்து, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இருக்கட்டும். பிறகு மண்ணெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினேன். இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் வைத்திருப்பவளைப் பைத்தியம் என்றே சொல்லலாம், வைத்திருக்கிறேன். தேய்க்க பிரஷ் வேண்டும். குளியலறையில் நீலப் பிரஷ் இருந்தது. குமரகுருவினுடையது. பழசு அல்ல. தெரிந்துதான் எடுத்தேன், இதை நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும், தெரிந்தேதான்: எண்ணெய் ஊற்றியவன் பிரஷ் தரட்டும். அவன் வருவதற்குள் கீழே கடையில் புதிது ஒன்று வாங்கி வைக்க வேண்டும். மறந்துபோனால் அதையும் நோயில் சேர்த்துவிடுவார்கள்.

மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்க்கத் தேய்க்க இரும்பின் கீழே வேறு இரும்பு வருகிறது. தகட்டின் ஓரத்தில் கம்பெனி போட்ட சின்ன வெட்டுக் கோடு, அது கூடத் தெரிகிறது. விரல் நுனியெல்லாம் கறுப்பு. சுருள் கம்பியின் நெளிவுக்குள்ளே போய் உட்கார்ந்திருப்பதை எடுக்க ஊக்கு வேண்டியிருக்கிறது. சேலைத் தலைப்பிலிருந்து எடுத்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், ஷோபனா கேட்டாள், ஷோபனாவின் அம்மா பொங்கலுக்கு வந்தபோது கேட்டாள்: அப்படிப் பூட்டிக்கிட்டு உள்ளே என்னதான் பண்றீங்க? என்ன சொல்வது. ஒன்றும் செய்யவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். காலை நீட்டுவேன். புத்தகம் மடியில் இருக்கும், படிக்க மாட்டேன். சில நாள் பழைய கட்டுரைகளை மனதுக்குள்ளே திருத்துவேன். ஒரு தடவை, சும்மா, தலையணையை எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் படுத்துப் பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று. இதையெல்லாம் ஒருவர் எப்படி வாயால் சொல்வது? ஏதாவது தப்பான காரியம் செய்தால் கூட ஒப்புக்கொள்ளலாம், ஒன்றும் செய்யாததற்குத்தான் பூட்டு வேண்டியிருக்கிறது. பூட்டாதே என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து கதவு சாத்தியபடி இருக்கிறது, சாவி ஷோபனாவின் கைப்பையில். ராத்திரி கதவு மெல்லத் திறக்கும். கூடத்து வெளிச்சம் கீற்றாக என் காலில் விழும். ஷோபனா நிற்பாள். என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். ஒரு நாள், ஒரு விளையாட்டுக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அத்தை என்றாள். நான் அசையவில்லை. அத்தை என்று குரல் உடைந்தது. கொட்டாவி விட்டுப் புரண்டு படுத்தேன். கதவு சாத்திக்கொண்டது. அவள் கூடத்தில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது, தம்ளர் பல்லில் மோதுகிற சத்தம். அதற்குப் பிறகு தூங்க முடியவில்லை. பயந்தது அவள், ஆனால் படுத்திருந்த எனக்கும் என்னவோ செய்தது. பிணமாகப் பழகிப் பார்க்கிறேனோ? ஒருத்தி தூங்கும்போது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவள் எந்த நேரமும் பிணம் ஆகத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. மாட்டேன். இந்தத் தகட்டைத் தேய்க்கிற தேய்ப்பில் மாட்டேன், மாட்டேன் என்று பிரஷ் சொல்வது எனக்கே கேட்கிறது.

போன் அடித்தது. கழற்றிய தகடுகளை வந்த வரிசையிலேயே ஒரு நூலில் கோத்து வைத்திருந்தேன். பதிப்பாசிரியர் புத்தி, பக்கம் மாறக் கூடாது. குமரகுரு. சாப்பிட்டீங்களா அம்மா என்றான். சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. என்ன பண்றீங்க. தூங்கிட்டிருந்தேன் என்றேன். போனில் ஏதோ உரசுற மாதிரி சத்தம் கேட்குதே என்றான். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் என் கை தானாக எதையோ கலக்கிக்கொண்டிருந்தது. ஃபேன் என்றேன். ஆசாரி வந்தா உக்காரச் சொல்லுங்க, நான் சீக்கிரம் வந்துர்றேன், அந்தப் பூட்டுக்கிட்ட மட்டும் போகாதீங்க என்றான். போகவில்லை, அதுதான் என்னிடம் வந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. போனை வைத்துவிட்டுப் பார்க்கிறேன். நூல் மேஜையில் தனியாகக் கிடக்கிறது. தகடுகள் எல்லாம் கிண்ணத்துக்குள், கறுப்புத் தண்ணீருக்கு அடியில், குவியலாக. யார் போட்டது? வீட்டில் வேறு ஆள் இல்லை. காக்கை வந்து நூலை அவிழ்க்கவில்லை. அவன் கேட்கிறான், நான் பதில் சொல்கிறேன், என் கை நூலின் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக உருவிப் போட்டிருக்கிறது, எனக்குத் தெரியாமல். பேசிக்கொண்டே செய்தால் யாருக்கும் இப்படி ஆகும். யாருக்கும் ஆகும், ஆனால் எனக்கு ஆகக் கூடாது, இந்த வாரத்தில் ஆகக் கூடாது. வெளியே எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தேன். எல்லாம் ஒரே சாயல், அக்கா தங்கைகள் மாதிரி. எது மேலே, எது கீழே? மாம்பழம், நாற்காலி. இதில் நாக்கு ஓடுகிற வாய் கொஞ்சம் அகன்றிருப்பது நடுவிலா? மாம்பழம், நாற்காலி. இன்னொன்று. மாம்பழம், நாற்காலி, அப்புறம் ஒன்று உண்டே. கையில் பிடிப்பது. இல்லை, அது வேறு. மாம்பழம். நாற்காலி. டாக்டர் வாய் அசைவது நினைவிருக்கிறது, அவர் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனா நினைவிருக்கிறது, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், அதன் ஓரம் ஈரம் பட்டு அலை அலையாகப் போயிருந்தது கூட நினைவிருக்கிறது. அந்த ஒரு சொல் மட்டும் எழுந்துபோய்விட்டது. அப்படியானால் அவர்கள் சொல்வது சரி. அழுக்கு இருந்ததும் சரி, நான் மறப்பதும் சரி. இரண்டு குற்றவாளிகள் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அன்றைக்கு இருட்டில் நான் எந்தப் பக்கம் திருப்பினேன்? வலது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அதுவே ஞாபகம் ஆகிவிட்டதா? தெரியவில்லை. இனி எப்போதும் தெரியாது. அந்த விடியற்காலையை ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்க முடியாது.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைப்பிடி டிவிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தது. ஷோபனாவின் கைப்பையில் இருந்த சாவியை நான் காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், திருட்டு என்றால் திருட்டு, என் சாவி. அதை எடுத்துத் துடைத்தேன், துடைக்கும்போதுதான் பார்த்தேன். பார்த்தேன் என்ன, ‘பூட்டு’ கட்டுரையில் நானே எழுதினதுதான்: உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே சாவியால் திறக்கும் பூட்டு என்றால், அந்தச் சாவியின் பல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டும். மேடு, பள்ளம், மேடு. எந்த வாசலிலிருந்து நுழைந்தாலும் அதே மேடு, அதே பள்ளம். ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைத் தன் உயரத்துக்குத் தூக்கினால் எல்லாத் தகடுகளின் வாயும் ஒரே கோட்டில் வரும், நாக்கு அந்த வழியாக ஓடும். அப்படியானால் வரிசையை நான் எதற்கு ஞாபகம் வைத்திருக்க வேண்டும்? சாவி ஞாபகம் வைத்திருக்கிறது. அதன் தொழிலே அது. ஒரு தகட்டை வைத்தேன், சாவியைத் திருப்பினேன், வாய் கோட்டுக்கு மேலே போய் நின்றது. எடுத்தேன், வேறொன்றை வைத்தேன். சேர்ந்தது. அடுத்தது. தப்பு. அடுத்தது. இப்படித்தான் அகரவரிசை மாறிக் கலைந்த அட்டைகளையும் அடுக்குவோம், யாரும் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு அடுக்குவதில்லை. மறதி வேறு, முட்டாள்தனம் வேறு. இரண்டும் ஒரே அறையில் தங்குவதில்லை, குறைந்தது என் அறையில். கடைசித் தகடு உட்கார்ந்தது. சுருள் கம்பியைப் பொருத்தும்போது அது துள்ளி சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது, நான் தரையில் கிடந்து துடைப்பக் குச்சியால் அதை வெளியே இழுத்தேன், கிடந்தபடியே கொஞ்சம் சிரித்தேன். சொல் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போ. மூடி, திருகாணி. எண்ணெய் கிடையாது, பென்சிலைச் சீவிய கரித்தூளை ஒரு சிட்டிகை உள்ளே ஊதினேன், கட்டுரையின் இரண்டாம் பத்தி. பூட்டைக் கதவின் குழிக்குள் விட்டு முடுக்கினேன். உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், சாவியைத் திருப்பினேன். க்ளக். ஒரு புத்தகத்தை மூடுகிற சத்தம், கனமான புத்தகம். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஆடி அசைந்து வந்து நின்றது: குடை. கையில் பிடிப்பது, சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன்.

அவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. செருப்புச் சத்தம், ஆசாரி பையைத் தரையில் வைக்கிற சத்தம், மண்ணெண்ணெய் நாத்தமா இருக்கே என்று ஷோபனா. என் கதவின் கைப்பிடி அசைந்தது. அசைந்து நின்றது. பிறகு குமரகுருவின் குரல், அடக்கிய குரல், அம்மா, மறுபடியும் மாட்டிக்கிட்டீங்களா. மாட்டிக்கல, பூட்டியிருக்கேன் என்றேன். ஷோபனாவின் கைப்பை ஜிப் திறக்கிற சத்தம், தேடுகிற சத்தம். சாவி இங்க இருக்கு, தேடாதம்மா என்றேன். சரிம்மா, பதட்டப்படாதீங்க, வலது பக்கம் திருப்புங்க என்றான்.

“யாரோட வலதுடா?” என்றேன்.

ஆசாரி சிரிப்பது கேட்டது. சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். எழுந்து போய்த் திறந்தேன். அவர்கள் பார்க்கப் பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். குடை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு துடித்தது, சொல்லியிருந்தால் இன்றே ஆஸ்பத்திரி. விழுங்கிக்கொண்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து டப்பா மூடியை எடுத்துவந்து குமரகுருவின் கையில் வைத்தேன். களி கல்லாகியிருந்தது, விரலால் தட்டினான், டக்கென்றது. ஆசாரி வாங்கி முகர்ந்து பார்த்து, தேங்கா எண்ணெ, சந்தனம், இது காலைக் குளிருக்கு இப்படித்தாங்க இறுகும், அப்புறம் வெயில் ஏறினா விட்டுரும் என்றார். குமரகுருவின் காது நுனி சிவந்தது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனால் விடவில்லை, விடுகிற ஆள் இல்லை, என் பிள்ளை. இன்னிக்குச் சரிம்மா, நாளைக்கு உள்ளே விழுந்து கிடந்தா நாங்க எப்படி வர்றது என்றான். குரல் உயரவில்லை. அதில் பயம் இருந்தது, அதே தம்ளர் பல்லில் மோதுகிற பயம். அதற்கும் நான் தயாராக இருந்தேன். யாருக்கும் நினைவில்லாமல் பீரோவில் கிடந்த இன்னொரு சாவியையும் துடைத்து வைத்திருந்தேன். அதை அவனிடம் நீட்டினேன். பூட்டினதும் என் சாவியை ஓட்டையிலிருந்து எடுத்துவிடுவேன், வெளியிலிருந்து உன் சாவி போகும் என்றேன். அப்ப பூட்டுறதுக்கே அர்த்தம் இல்லையே அத்தை என்றாள் ஷோபனா, நியாயமாகத்தான். இருக்கு, தட்டிட்டுத் திறக்கணும் என்றேன். பூட்டின் மேல் தப்பு என்று நிரூபிக்கத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அதை நிரூபித்தும் ஆகிவிட்டது, ஆனால் வாயில் வேறு வந்தது.

“நாளைக்கு நான் நிஜமாவே எல்லாத்தையும் மறக்கலாம் குமரா. உன் பேரைக் கூட மறக்கலாம். மறக்கிறவளுக்குக் கதவு கிடையாதுன்னு எங்க எழுதியிருக்கு?”

எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற சாவியை. பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆசாரியைச் சும்மா அனுப்ப முடியாதென்று, பித்தளை நிறக் கைப்பிடியைச் செருப்பு அலமாரிக்கு மாட்டச் சொன்னார்கள். நான் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டேன், சொன்னபடி சாவியை உருவித் தலையணைக்கடியில் வைத்தேன். வெளியே அவர் ஆணி அடிக்கிறார், ஒவ்வொரு அடிக்கும் என் கட்டில் கொஞ்சம் அதிர்கிறது. புதுப் பிரஷ் வாங்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பார்க்கலாம். இருட்டுகிறது, விளக்குப் போடத் தோன்றவில்லை. ஒன்றும் செய்யவில்லை. மடியில் புத்தகம். கதவுக்கு அந்தப் பக்கம் ஷோபனாவின் கொலுசு வந்து நின்றது. தட்டினாள். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. நான் தலையணையைத் தூக்கிச் சாவியைத் தேடி எடுத்துப் போய்த் திறப்பதற்குள் அவள் கையிலிருந்த காபியில் ஆடை படிந்துவிட்டது.